தயங்காமல் குறை சொல்லவும்

அந்தப் படத்தை அழிச்சிருங்க சார். ஆமா, இப்ப ஜன்னல் வழியா எடுத்தீங்களே, அதைத்தான். கண்ணாடியில உங்க விரலும் போனும் சேர்ந்து விழுந்திருக்கும். பெரிசு பண்ணிப் பாருங்க. விழுந்திருக்கா? சொன்னேன்ல. தப்பா எடுத்துக்காதீங்க, நான் யாரையும் நோகடிக்கணும்னு குறை சொல்ற ஆள் இல்லை. இருக்கிறதைச் சொல்லிருவேன், அவ்வளவுதான். போட்டோ எடுக்கிறதை முறையா வகுப்புக்குப் போய்ப் படிச்சவன். ஆரம்ப வகுப்புதான், ஆனா சான்றிதழ் குடுத்திருக்காங்க.

சேலத்துல இறங்குறீங்களா? நான் ஓசூர். என் வீட்டுக்காரி மங்கை அங்கதான் இருக்கா, மக வீட்டுல. பிரசவத்துக்குத் துணையா மூணு மாசம் இருந்துட்டு வர்றேன்னு போனா. பேத்தி இப்ப ஓடுறா, பேசுறா, அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துல விடப்போறாங்களாம். இவ இன்னும் வரலை. வராட்டி என்ன, பிள்ளையப் பார்த்துக்கிட்டு நல்லா இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைக்கத் தெரியும். துவைக்க மிஷின் இருக்கு.

கிளம்புற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னு மககிட்ட போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா, "அங்க வந்தா என் காதுக்காவது கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்டி"ன்னு. எங்க வீட்டுக்குப் பக்கத்துல மாவு மில்லு ஓடுது சார், அந்தச் சத்தத்தைச் சொல்றா. நானும் மில்லுக்காரர்கிட்ட போய் விடாம சொல்லி, மெஷினுக்கு அடியில ரப்பர் போட வச்சு, சத்தத்தைக் குறைச்சிட்டேன். அதை போன்ல அவகிட்டயும் சொன்னேன். "அப்படியா"ன்னா. அதுக்கப்புறமும் வரலை.

என் பேரு தனுஷ்கோடி. தணிக்கைத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன். திண்டுக்கல் பக்கம் எந்தப் பேரூராட்சி ஆபீஸ்ல போய் என் பேரைச் சொன்னாலும் இன்னிக்கும் நாற்காலியை விட்டு எந்திரிப்பாங்க. பயம்னு நினைச்சிராதீங்க, மரியாதை. நான் எழுதின ஆட்சேபணை ஒவ்வொண்ணும் அவங்க நன்மைக்குத்தான். குறையைச் சொன்னாத்தானே மனுசன் திருந்துவான். வீட்டுலயும் அப்படித்தான். கல்யாணம் ஆன மறுநாள்ல இருந்து சாம்பார் எப்படி இருக்குன்னு சொல்லிருவேன். புளி தூக்கலா இருக்கு, பருப்பு வேகலை, கடுகு கருகிருச்சு. ஒரு நாள் தவறாம சொல்லியிருக்கேன் சார். எத்தனை புருசன் சொல்றான்? தட்டைக்கூட பார்க்காம தின்னுட்டுப் போறான். நல்லா இருந்த அன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தணிக்கையில அதுதான் முறை. சரியா இருக்கிறதைப் பத்தி எழுத அறிக்கையில இடமே கிடையாது.

அவ போனதுக்கப்புறம் சாயங்காலம் மட்டும் கொஞ்சம் நீளமா இருந்துச்சு. மக ஒரு கேமரா வாங்கி அனுப்பிவிட்டா, "அப்பா, ஏதாவது கத்துக்கங்க"ன்னு. எங்க ஊர்ல ஜெரால்டுன்னு ஒரு தம்பி, கல்யாணத்துக்கெல்லாம் போட்டோ எடுக்கிறவரு, ஸ்டூடியோ மாடியில ஞாயித்துக்கிழமை மத்தியானம் வகுப்பு நடத்துறாரு. காலையில பூசைக்குப் போயிட்டு, கறிச்சோறு சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கத்தோட வந்து நிப்பாரு. ஆனா வேலை தெரிஞ்ச பையன். அவர்கிட்ட சேர்ந்தேன்.

அங்க ஒரு வழக்கம் சார். வாராவாரம் ஆளுக்கு ஒரு படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கிட்டுப் போகணும். ஒரு கயித்தைக் கட்டி, துணிக்கு மாட்டுற கிளிப்பால வரிசையா தொங்க விட்டிருவாரு. எல்லாரும் முன்னாடி நின்னு குறை நிறை சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கண்டிப்பா கூடாது. "நீங்க விளக்கம் சொன்னாத்தான் புரியும்னா அந்தப் படம் இன்னும் முடியலைன்னு அர்த்தம் சார்"னாரு என்கிட்ட.

மத்த படத்துக்கெல்லாம் நான்தான் முதல் ஆளா சொல்வேன். ஷபானான்னு ஒரு பொண்ணு, பல் டாக்டர், அது எடுத்த குளத்துப் படத்துல நான் ஒன்பது குறை கண்டுபிடிச்சேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிச்சு. எனக்கு அதுதான் பிடிக்கலை. குறை சொல்றப்ப சிரிச்சா என்ன அர்த்தம்?

என் முறை வந்துச்சு. நான் மாட்டியிருந்தது ஒரு தட்டுப் படம். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை, அதுல ஒரு எவர்சில்வர் தட்டு, பக்கத்துல ஒரு டம்ளர். சன்னல் வெளிச்சம் டம்ளர்ல பட்டு சுவத்துல வளையமா விழுது. அருமையா வந்திருந்துச்சு. ஷபானா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "படம் நல்லா இருக்கு அங்கிள். ஆனா பார்க்கவே கஷ்டமா இருக்கு, இந்த வீட்டுல யாருமே இல்லாத மாதிரி"ன்னுச்சு. என்ன பேச்சு இது? யாருமே இல்லைன்னா படத்தை யாரு எடுத்தா? ஒருத்தன் சாப்பிட ஒரு தட்டுதானே வைப்பான். வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஜெரால்டு உதட்டுல விரல் வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்து பத்திவாரியா பதில் எழுதினேன் சார். எங்க துறையில அப்படித்தான். ஆட்சேபணை ஒண்ணு, அதுக்கு விளக்கம் ஒண்ணு, இணைப்பு தனியா. அடுத்த வாரம் அந்தப் பொண்ணு கையிலயும் ஒரு நகல் குடுத்தேன், ஜெரால்டு கையிலயும் ஒரு நகல் குடுத்தேன். விமர்சனத்தை வரவேற்கிற மனுசன் நான். ஆனா விமர்சனம் சரியா இருக்கணும்ல.

அப்புறம் ஒரு வாரம் முகப்படம் எடுக்கச் சொன்னாரு ஜெரால்டு. தெரிஞ்ச ஒருத்தரை உட்கார வச்சு, சன்னலோர வெளிச்சத்துல, பின்னாடி வெறும் சுவரா இருக்கிற மாதிரி. கலர் இருந்தா கண்ணு அங்கயும் இங்கயும் ஓடும், கறுப்பு வெள்ளையா மாத்திக்கிட்டு வாங்கன்னுட்டாரு. வீட்டுல ஆள் இல்லை, யாரை எடுக்கிறது? ரெண்டு தெரு தள்ளி எங்க அண்ணன் சேதுராமன் இருக்காரு. அவரைப் போய்க் கேட்டேன்.

எங்க அண்ணனைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். பிடிவாதக்காரர். ஒரே மகன் ரஞ்சித், புனேயில வேலை. கூட வேலை பார்த்த பொண்ணைச் சொல்லாம கொள்ளாம பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். "எனக்குப் பிள்ளையே இல்லை"ன்னு சொல்லிட்டாரு அண்ணன். சொன்னது சொன்னதுதான். அவனும் அவருக்கு மகன்தானே, அதே பிடிவாதம். வருசக்கணக்கா பேச்சு கிடையாது. மதினி மட்டும் கொல்லைப்பக்கம் போய் நின்னு போன்ல மெதுவாப் பேசும். அண்ணன் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்குவாரு. ஒட்டுக் கேட்கத்தான்னு நினைக்கிறேன், கேட்டா ஒத்துக்க மாட்டாரு.

படம் எடுக்கணும்னு சொன்னதும் குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, நெத்தி நிறைய விபூதி பூசிக்கிட்டு வந்து உட்கார்ந்தாரு. சிரிக்காதீங்கன்னு சொன்னேன். "சிரிக்க என்ன இருக்கு"ன்னாரு. நேரா பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். எடுத்துப் பார்த்தா எனக்கே புல்லரிச்சுப் போச்சு. கறுப்பு வெள்ளையா மாத்தி வகுப்புக் குரூப்புல போட்டேன். கூடவே நம்ம சொந்தக்காரங்களும் நாலு வார்த்தை சொல்லட்டுமேன்னு குடும்பக் குரூப்புலயும் போட்டேன். எங்க குடும்பக் குரூப்பு பெரிசு சார், சின்னாளப்பட்டியில இருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஆள் இருக்கு.

படத்துக்குக் கீழ "அண்ணன்"னு போட்டு ஒரு முற்றுப்புள்ளி வச்சேன். எதை எழுதினாலும் முற்றுப்புள்ளி வைக்கிறது என் பழக்கம். அதை அனுப்பிட்டு, அப்புறமா விளக்கமா ஒரு குறிப்பு எழுத ஆரம்பிச்சேன். படம் எடுத்த நேரம், வெளிச்சம் வந்த திசை, கேமராவுல வச்ச அளவு எல்லாம் போட்டு, கடைசியில 'உறவினர்கள் தயங்காமல் குறை சொல்லவும்'னு. ஒத்தை விரல்லதான் தட்டுவேன், நேரம் ஆகும். தட்டி முடிச்சு அனுப்பிட்டு, போனைச் சார்ஜுல போட்டுட்டு மத்தியானத் தூக்கம் போட்டேன்.

நீங்க சிரிக்கிறீங்க. உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருச்சு. எனக்குப் புரியலை சார். கறுப்பு வெள்ளைப் படம், நேர்ப்பார்வை, வெள்ளைச் சட்டை, விபூதி, கீழ 'அண்ணன்'னு முற்றுப்புள்ளியோட ஒரு வார்த்தை. அதை யாராவது போட்டோன்னு பார்ப்பாங்களா நம்ம ஊர்ல? எந்திரிச்சுப் போனை எடுத்தா, குரூப்பு நிரம்பி வழியுது. ஆழ்ந்த இரங்கல். ஈடு செய்ய முடியாத இழப்பு. விளக்கு எரியுற படம், கூப்பின கை, கண்ணீர் வடிக்கிற மூஞ்சி. சொந்தக்காரன் ஒருத்தன் அண்ணனைப் பத்தி ஒரு பக்கத்துக்குக் கட்டுரையே எழுதிட்டான், தங்கமான மனுசன்னு. அவன்கிட்ட அண்ணன் பேசியே நாளாச்சு. என் குறிப்பு நடுவுல எங்கேயோ கிடக்கு. ஒரு ஆள் படிக்கலை. நான் பதறிப்போய் ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே வர்றேன், யாராவது வெளிச்சத்தைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களான்னு. ஒருத்தர்கூட இல்லை.

அதுக்குள்ள அண்ணன் வீட்டு வாசல்ல வேன் வந்து நிக்குது. ஐஸ் பொட்டி. எங்க சித்தி மகன் சௌந்தரம், எதுலயும் முந்திக்கிற ஆளு, அவன்தான் போன் போட்டுச் சொல்லியிருக்கான். மதினி கோயிலுக்குப் போயிருக்கு. அண்ணன் முறுக்குத் தின்னுக்கிட்டு டிவி பார்த்துக்கிட்டு இருந்தவரு, கதவைத் திறந்து, "யாருக்குப்பா இது"ன்னு கேட்டிருக்காரு. "சேதுராமன்னு ஒருத்தருக்குய்யா"ன்னு சொல்லியிருக்கான் வேன்காரன். "அது நான்தான்"னாராம். அவன் வண்டியில ஏறி உட்கார்ந்துக்கிட்டானாம், இறங்க மாட்டேன்னுட்டானாம்.

அப்புறம் மாலை மாலையா வந்து இறங்குது. வந்தவங்க எல்லாம் அவரைப் பார்த்ததும் வாசல்லயே நின்னுட்டாங்க. மாலையை என்ன செய்யிறதுன்னு தெரியலை. திரும்பிக் கொண்டு போனாலும் ஒரு மாதிரி, போட்டாலும் ஒரு மாதிரி. கடைசியில எல்லாத்தையும் வேப்பமரத்துல மாட்டிட்டு, உள்ள வந்து உட்கார்ந்து காப்பி குடிச்சாங்க. மதினி கோயில்ல இருந்து வந்து பார்த்தா வீடு நிறைய ஆள், தெருவெல்லாம் செருப்பு. அது போட்ட அலறல்ல இன்னும் நாலு தெருவுக்குச் சேதி பரவிருச்சு.

அண்ணன் என்னைத் திட்டின திட்டு இருக்கே, பஸ்ல சொல்ல முடியாது. திட்டி முடிச்சுட்டு, மூச்சு வாங்கிட்டு, மெதுவா கேட்டாரு. "அவன் பார்த்திருப்பானாடா?" ரஞ்சித்தைக் கேட்கிறாரு. அவனும் அந்தக் குரூப்புல இருக்கான். ஆனா ஒண்ணும் எழுதலை. விளக்கு இல்லை, கூப்பின கை இல்லை, ஒண்ணுமே இல்லை. போன் போட்டா எடுக்கலை. "தெரியலைண்ணே"ன்னேன். மிச்சமிருந்த முறுக்கை அண்ணன் தின்னலை. ராத்திரி படுக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாருன்னு மதினி சொல்லுச்சு.

மறுநாள் காலையில அவர் வாசல்ல நின்னு பல்லு விளக்கிக்கிட்டு இருக்காரு, டாக்ஸி வந்து நிக்குது. ரஞ்சித். தாடி, கசங்கின சட்டை, கையில ஒரு பை கிடையாது. சேதி பார்த்ததும் கட்டின துணியோட பிளேன் ஏறியிருக்கான். சென்னையில இறங்கினப்பவே அவங்க அம்மா போன் போட்டு, உசுரோட இருக்காருடான்னு சொல்லியிருச்சாம். அங்கேயே திரும்பியிருக்கலாம்ல? திரும்பலை, வந்துட்டான்.

அண்ணன் வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, துண்டால தொடைச்சுக்கிட்டு, "இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே"ன்னாரு. "சும்மா"ன்னான். அப்புறம் அண்ணன், "உள்ள வா, வெயிலு"ன்னாரு. காலையில ஏழு மணிக்கு என்ன சார் வெயிலு?

இதெல்லாம் நான் அங்க நின்னு நேர்ல பார்த்ததுதான். நான் எதுக்குப் போனேன்னா, அவன் வர்றான்னு மதினி எனக்கு மட்டும் போன்ல சொல்லியிருந்துச்சு, ரஞ்சித்து படிச்ச பையன், கேமராவும் நல்ல கேமரா வச்சிருக்கான், அவன்கிட்ட கருத்துக் கேட்கலாமேன்னு பிரிண்டை எடுத்துக்கிட்டுப் போனேன். "வலது கன்னத்துல நிழல் கொஞ்சம் அதிகமோடா"ன்னு கேட்டேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சித்தப்பான்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டான். பிரிண்டு மடங்கிப் போச்சு. நல்ல தாள் சார் அது.

இப்ப மருமகளும் வந்து இருந்துட்டுப் போயிருச்சு. அண்ணன் தினம் அந்தப் பொண்ணுகூட வீடியோவுல பேசுறாரு, உடைஞ்ச இந்தியில. என் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்காரு. மதினி எவ்வளவோ சண்டை போட்டுச்சு, உசுரோட இருக்கிற ஆளை இப்படி மாட்டாதீங்கன்னு. "இது எனக்கு ராசியான படம்"னுட்டாரு. ராசியாம். படம் எப்படி இருக்குன்னு சொல்லுங்கண்ணேன்னு கேட்டா, "அதுக்கென்ன"ங்கிறாரு.

அதோட விட்டாங்களா? எங்க அம்புஜம் அத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டுச்சு. போனா, வெள்ளைச் சேலை கட்டி சுவத்தோரமா தயாரா உட்கார்ந்திருக்கு. "என்னையும் அதே மாதிரி எடுத்துப் போடுடா. என் பெரிய மகன் பேசி ரெண்டு வருசமாச்சு. எவன் எவன் அழுவான்னு நானும் பார்த்துக்கிறேன்"னுச்சு. எனக்குக் கோபம் வந்துருச்சு. கலையைக் கத்துக்கிட்டு வந்திருக்கேன், என்னை என்ன இழவு சொல்றவன்னு நினைச்சீங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

கரூர் வந்துருச்சு போல. பத்து நிமிசம் நிப்பான். டீ சாப்பிடுறீங்களா? வேண்டாமா? சரி, நானும் இறங்கலை. இந்தக் கடையில பால்ல தண்ணி ஜாஸ்தி, போன தடவையே சொன்னேன், திருந்தின மாதிரி தெரியலை.

விசயத்துக்கு வர்றேன். வகுப்புல ஜெரால்டு கடைசியா குடுத்த வேலை, தன்னைத் தானே எடுக்கிறது. கேமராவை ஸ்டாண்டுல மாட்டி, தானா கிளிக் ஆகிற மாதிரி வச்சுட்டுப் போய் உட்காரணும். நானும் எடுத்தேன். அதே மாதிரி சன்னலோரம், வெறும் சுவர், வெள்ளைச் சட்டை. விபூதியும் பூசிக்கிட்டேன். ஏன்னு கேட்காதீங்க, அண்ணன் படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்ல. கறுப்பு வெள்ளையா மாத்தினேன். குடும்பக் குரூப்புல போட்டேன். இந்தத் தடவை கீழ ஒண்ணும் எழுதலை. போன தடவை எழுதினதாலதானே அவ்வளவு குழப்பம்.

போனைச் சார்ஜுல போடலை, கையிலயே வச்சிருந்தேன். சாயங்கால நேரம், எல்லாரும் போன் பார்க்கிற நேரம்தான். யாரு யாரு பார்த்தாங்கன்னு போன்லயே பேரு காட்டுதுல்ல, ஒண்ணு வருது, இன்னொண்ணு வருது. பார்க்கிறாங்க. ஒருத்தரும் எழுதலை. வாசக் கதவைத் திறந்துதான் வச்சிருந்தேன். யாராவது அவசரமா வந்தா கதவைத் தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல. மங்கையும் அந்தக் குரூப்புலதான் இருக்கா, மகளும் இருக்கா. ஓசூர்ல இருந்து கிளம்பினா காரு எத்தனை மணிக்கு வந்து சேரும்னு சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொழுது போகணுமே.

முதல்ல சௌந்தரம் எழுதினான். ஐஸ் பொட்டிக்குச் சொன்னானே, அவன்தான். 'அண்ணே, தலைக்கு மேல இடம் அதிகமா விட்டுட்டீங்க.' அடுத்து அவன் பொண்டாட்டி, 'பின்சுவர்ல ஆணி தெரியுது.' ரஞ்சித்து, 'கண்ணுல போகஸ் விழலை சித்தப்பா, மூக்குல விழுந்திருக்கு.' அம்புஜம் அத்தைக்கு எழுதத் தெரியாது, பேத்தியை விட்டு எழுதச் சொல்லியிருக்கு, 'ஒரு காது இருட்டா இருக்கு'ன்னு. எங்க அண்ணன், 'என் படம் இதைவிட நல்லா இருக்கு'ன்னு போட்டாரு. மக ஒரு கட்டைவிரல் போட்டா. இப்படியே வந்துக்கிட்டே இருக்கு சார். வெளிச்சம், நிழல், கோணம். எல்லாம் அண்ணன் விவகாரத்துக்கப்புறம் நான் அந்தக் குரூப்புல அவங்களுக்குச் சொல்லிக் குடுத்த வார்த்தைதான். அத்தனையும் சரியான குறை, ஒண்ணைக்கூட மறுக்க முடியாது.

ஒருத்தருக்குக்கூட நான் செத்திருப்பேன்னு தோணலை பாருங்க.

நல்ல விசயம்தானே. நான் கேட்டதும் அதைத்தானே, குறை சொல்லுங்கன்னுதானே கேட்டேன். சந்தோசப்படணும்ல? ஆனா கஷ்டமா இருந்துச்சு சார். எதுக்குன்னு தெரியலை. அண்ணனுக்கு ஊரே ஓடி வந்துச்சு, எனக்கு ஆணி தெரியுதுங்கிறாங்க. வாசக் கதவைச் சாத்திட்டு, மாவு கரைச்சு வச்சிருந்தேன், தோசை ஊத்தத் தோணலை, படுத்துட்டேன். மில்லுல சத்தமே கேட்கலை. ரப்பர் நல்லா வேலை செய்யுது.

விடிஞ்சதும் போனைப் பார்த்தா மங்கைகிட்ட இருந்து ஒரு குரல் சேதி. குரூப்புல இல்லை, எனக்குத் தனியா. அவ எனக்கு அப்படியெல்லாம் அனுப்புறதே கிடையாது, ஏதாவது மாத்திரை பேரு கேட்கிறதுன்னாத்தான். போட்டுக் காட்டுறேன் கேளுங்க. சத்தம் கம்மியா இருக்கும், காதுல வச்சுக்கங்க.

"படத்தைப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. என்னத்தைத் தின்னுக்கிட்டு இருக்கீங்க அங்க? மாவை வாங்கி வச்சு தோசையாவே ஊத்திக்கிட்டு இருக்கீங்களா? சட்டையில ரெண்டாவது பொத்தானைக் கறுப்பு நூல்ல தச்சிருக்கு. யாரு தச்சா அதை? வெள்ளை நூலு அலமாரியில மேல்தட்டுல பிஸ்கட் டப்பாவுல இருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டுத் தைக்கணும். சரி, பாப்பா எந்திரிச்சிருச்சு, வைக்கிறேன்."

கேட்டீங்களா? இது விமர்சனமா சார்? நீங்களே சொல்லுங்க. கழுத்தெலும்பு அப்படித் தெரியுறது பக்கவாட்டு வெளிச்சத்தால. நான் வேணும்னே வச்ச வெளிச்சம் அது. மேட்டுல வெளிச்சம், பள்ளத்துல நிழல், அதுதான் அந்த முறையோட சிறப்பே. இவ என்னன்னா சாப்பாட்டைப் பத்திப் பேசுறா. அண்ணன் மாதிரி அவளும் படத்தை விட்டுட்டா. நான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். ராத்திரியும் கேட்டேன், நேத்தும் கேட்டேன். கோணத்தைப் பத்தியோ நிழலைப் பத்தியோ நடுவுல ஏதாவது சொல்லியிருக்காளா, நான்தான் கவனிக்காம விட்டுட்டேனான்னு. இல்லை. அந்தப் பொத்தானை மட்டும் ஏத்துக்கலாம். வெள்ளைச் சட்டையில கறுப்பு நூல் இருந்தா பார்க்கிறவங்க கண்ணு முகத்தை விட்டுட்டு அங்க போயிரும், அது நியாயமான ஆட்சேபணை. அத்தனை பேர் படத்தைப் பார்த்தாங்களே, அதை ஒருத்தரும் கவனிக்கலை.

முதல்ல வழக்கம் போல பத்திவாரியா பதில் எழுதலாம்னு உட்கார்ந்தேன். 'கழுத்தெலும்பு தொடர்பாக'ன்னு ஆரம்பிச்சு ஒரு வரி எழுதினேன். அதுக்கு மேல ஓடலை. இதெல்லாம் எழுதி அனுப்பினா அவளுக்குப் புரியாது சார். போன்ல சொன்னாலும் "அப்படியா"ன்னுட்டு வச்சிருவா. நேர்ல உட்கார வச்சு, சன்னல் பக்கம் திருப்பி, இங்க இருந்து வெளிச்சம் வருது, இங்க நிழல் விழுதுன்னு காட்டினாத்தான் விளங்கும். அதான் கிளம்பிட்டேன்.

அவ வரச் சொல்லலை. நான் வர்றது அவளுக்குத் தெரியவும் தெரியாது. சொன்னா எதுக்குன்னு கேட்பா.

எப்பத் திரும்புறேனா? தெரியலையே சார். எடுத்துச் சொன்ன உடனே சரின்னு ஒத்துக்கிற ஆள் இல்லை மங்கை, கொஞ்ச நாள் ஆகும். மேல இருக்கிற அந்தப் பெரிய பெட்டி என்னதுதான். துணிமணி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன், ஸ்வெட்டரும் வச்சிருக்கேன், ஓசூர்ல குளிரும்ங்கிறாங்க. வீட்டைப் பூட்டி, சாவியை அண்ணன்கிட்ட குடுத்துட்டுத்தான் வர்றேன்.